உங்களுக்குத் தெரியுமா?

தும்மலுக்கு மூக்கில் அடிக்கும் அசெலாஸ்டின் ஸ்ப்ரே, கொரோனா தொற்றையும் குறைக்கக்கூடும்!

● ஜெர்மனியின் சார்லாண்ட் பல்கலைக்கழக ஆய்வு இது, 2025-இல் வெளியானது. 450 பேர், 56 நாள், தினம் மூன்று வேளை. மருந்து ஸ்ப்ரே அடித்தவர்களில் 2.2 சதவீதம் பேருக்குத் தொற்று. மருந்தில்லாத ஸ்ப்ரே அடித்தவர்களில் 6.7. ஒரே மையத்தில் நடந்த ஆய்வு என்பதால் முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது.

● பாரத் பயோடெக்கின் ‘இன்கோவேக்’ கொரோனா தடுப்பு மருந்துக்கு ஊசியே கிடையாது. மூக்கில் சொட்டுதான். அறிமுகம்: 2023 ஜனவரி 26.

● ஸ்ப்ரே முனை மூக்கின் நடுத்தண்டைப் பார்க்கக் கூடாது. சற்றே வெளிப்பக்கம் சாயட்டும். இல்லாவிட்டால் ரத்தம் கசியலாம்.

● குற்றாலத்தில் சாரல் சீசன். ஐந்தருவி நெரிசலில் பக்கத்தில் நிற்பவரின் தும்மலும் வைரஸைத் தரும். பழி மட்டும் அருவிக்கு! தென்காசி மருந்துக்கடையில் நீங்களாக ஸ்ப்ரே வாங்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.