வண்டிக் கூரையில் சோலார்: துளை போடுவதற்கு முன்

என் மனைவியின் தம்பி ஒரு பழைய மினி வேனில் மாலை நேர டிபன் கடை நடத்துகிறான். விளக்குக்கும் சின்ன ஃபேனுக்கும் பக்கத்துக் கடையிலிருந்து கரண்ட் இழுத்து, தினமும் அதற்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தான். போன ஆண்டு வேனின் கூரை மேல் 100 வாட் சோலார் பலகை இரண்டைப் பொருத்தினான். "இனி கரண்ட் காசே கிடையாது மாமா" என்று அவன் சொன்னபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை வந்ததும், பலகையைப் பிடித்திருந்த திருகுகளின் துளை வழியாகத் தண்ணீர் இறங்கியது. வயரின் தோல் கூரைத் தகட்டில் உரசி ஏற்கெனவே கிழிந்திருந்திருக்கிறது. ஒரு நாள் சாயங்காலம் சீட்டுக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. கைக்கெட்டும் தூரத்தில் கேஸ் சிலிண்டர். பேட்டரி கிளிப்பைப் பிடுங்கியதால் தப்பித்தான். சீட்டும் வயரிங்கும் கருகிப் போயின.

பொருத்திக் கொடுத்த கடையில் போய்க் கேட்டால், "பில் இருக்கா?" என்றார்கள். இன்ஷூரன்ஸில் கேட்டால், "சோலார் போட்டதை எங்களுக்குச் சொன்னீங்களா?" என்றார்கள். இரண்டுக்கும் அவனிடம் பதில் இல்லை. அந்த இரண்டு கேள்விகளும் இன்னொருவரை அப்படி நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சோலாரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் வடிவமைத்த சோலார் இஸ்திரி வண்டி நினைவிருக்கும். கரிப்பெட்டிக்குப் பதிலாகக் கூரைப் பலகையில் இஸ்திரி ஓடும் அந்த வண்டிக்காக அவர் 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டு மேடை வரை போனார். 2017-இல் டெல்லியில் ஓடத் தொடங்கிய, கூரையில் சோலார் பலகைகள் வைத்த ரயிலின் பெட்டிகள் சென்னை ஐ.சி.எஃப்.பில் செய்யப்பட்டவை. அந்த ரயிலைக் கவனியுங்கள்: இழுப்பது டீசல் எஞ்சின்தான், விளக்குக்கும் மின்விசிறிக்கும்தான் சோலார். கூரைப் பலகையால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை அந்த ஒரு ஏற்பாடே சொல்லிவிடுகிறது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் ஊர் வெயிலில், கூரையில் படுக்கையாகக் கிடக்கும் 100 வாட் பலகை ஒன்று நல்ல நாளில் 350 முதல் 400 வாட்-மணி மின்சாரம் தரும். அப்படி இரண்டு பலகை இருந்தால் ஏறக்குறைய முக்கால் யூனிட். நான்கு எல்.இ.டி. விளக்கு, ஒரு சின்ன டி.சி. ஃபேன், செல்போன் சார்ஜ் எல்லாம் இரவு பத்து மணி வரை தாராளமாக ஓடும். மிக்ஸியைச் சில நிமிடம் ஓட்டலாம். இண்டக்‌ஷன் அடுப்பை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். பலகையின் மேல் எழுதியிருக்கும் வாட் அளவு 25 டிகிரி சூட்டில் சோதனைக்கூடத்தில் அளந்தது. சித்திரை வெயிலில் பலகையின் சூடு 65 டிகிரியைத் தொடும்போது, அதில் ஏழில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். புளியமரத்து நிழல் பலகையின் ஒரு மூலையில் விழுந்தால்கூட மொத்த உற்பத்தியும் சரியும், ஏனென்றால் உள்ளே இருக்கும் செல்கள் சங்கிலி போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை.

மின்சார ஆட்டோ வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஆட்டோவின் பேட்டரி ஏழு, எட்டு யூனிட் பிடிக்கும். கூரையில் 200 வாட் போட்டால் ஒரு நாளைக்குக் கூடுதலாகக் கிடைப்பது பத்துக் கிலோமீட்டர் போல. "சார்ஜே போட வேண்டாம், வெயிலிலேயே ஓடும்" என்று சொல்லி ஒருவர் விற்றால் அது பொய். அப்படிப் பொய் விளம்பரம் செய்பவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த விளம்பரத் தாளையோ வாட்ஸ்அப் படத்தையோ அழிக்காமல் வைத்திருங்கள்.

எங்கே தீப்பிடிக்கிறது

பலகையில் அல்ல, பெரும்பாலும் பேட்டரிக்குப் பக்கத்தில். இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 100 வாட் பலகையிலிருந்து வருவது ஐந்தாறு ஆம்பியர்தான். ஆனால் வயர் எங்காவது உரசித் தகட்டைத் தொட்டுவிட்டால், பேட்டரி பின்பக்கமாக நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த வயருக்குள் தள்ளும். சில நொடிகளில் வயர் பழுத்துவிடும். இதைத் தடுப்பது ஒரு சின்ன ஃபியூஸ். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அது இருக்க வேண்டும். அதைத் தாண்டி எங்கே வைத்தாலும், நடுவில் இருக்கும் வயருக்குக் காவல் இல்லை. என் மைத்துனன் வண்டியில் ஃபியூஸே இல்லை. சில நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை அது.

அடுத்தது சார்ஜ் கன்ட்ரோலர். "12 வோல்ட் பலகை" என்று விற்கப்படுவது வெயிலில் 21 வோல்ட் வரை காட்டும். லெட்-ஆசிட் பேட்டரிக்குத் தாங்கும் அளவு பதினான்கரை வோல்ட் போல. நடுவில் கன்ட்ரோலர் இல்லாமல் நேராகக் கொடுத்தால் பேட்டரி கொதித்து ஹைட்ரஜன் வாயுவை விடும். மூடிய பெட்டிக்குள், சீட்டுக்கு அடியில் அது சேர்ந்தால் ஒரு பொறி போதும். பேட்டரி பெட்டிக்குக் காற்றுத் துளை கட்டாயம். லித்தியம் பேட்டரி என்றால் பி.எம்.எஸ். எனும் காவல் சர்க்யூட் உள்ளே இருக்கிறதா, கன்ட்ரோலரில் லித்தியத்துக்கான அமைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். லெட்-ஆசிட் கன்ட்ரோலரை அப்படியே லித்தியத்துக்கு மாட்டித் தரும் வேலையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பலகை. கழற்றும்போது முதலில் பலகை. வெயில் இருக்கும்வரை பலகையின் முனையில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், எதை அணைத்தாலும் அது நிற்காது. அவசரத்தில் தடித்த தார்ப்பாயால் பலகையை மூடுவதுதான் வழி. புகை பெருகினால் வண்டியை விட்டு விலகி 112-ஐ அழையுங்கள்.

மின்சார ஆட்டோ, மின்சார கார் இவற்றின் ஓட்டும் பேட்டரியில் மெக்கானிக் யாரையும் கைவைக்க விடாதீர்கள். அந்தப் பேட்டரியோடு சேர்த்துத்தான் வண்டிக்கு அரசு அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. நிறுவனம் அனுமதிக்காத இணைப்பு கொடுத்தால் வாரன்டி போகும். உயிருக்கும் ஆபத்து.

காற்று இன்னொரு எதிரி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில், நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் காற்று ஏறத்தாழ 30 கிலோ பாரத்துக்குச் சமமாகத் தள்ளும்; 100 கிலோமீட்டரில் அது 47 கிலோ ஆகிவிடும். கூரையில் பலகை படுத்துத்தான் கிடக்கிறது, ஆனால் முன் ஓரம் சற்றே தூக்கியிருந்தால் காற்று அடியில் புகுந்து நெம்பத் தொடங்கும். நான்குவழிச் சாலையில் ஏழெட்டுக் கிலோ கண்ணாடிப் பலகை பிய்த்துக்கொண்டு பறந்தால், பின்னால் பைக்கில் வருபவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். துருப்பிடித்த கூரையில் பசையை மட்டும் நம்பக் கூடாது. கேரியர் கம்பியிலோ கூரையின் உத்தரத்திலோ போல்ட் போட்டு, அதிர்வில் கழலாத பூட்டு நட்டு மாட்டி, மாதம் ஒரு முறை கையால் அசைத்துப் பாருங்கள். பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டால் சூடும் குறையும்.

சட்டம் என்ன சொல்கிறது

தள்ளுவண்டி, மிதிவண்டி, மூன்று சக்கர மிதிவண்டிக் கடை என்றால் மோட்டார் வாகனச் சட்டம் உங்களைத் தொடாது. மோட்டார் வாகனம் என்றால் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் நிறுவனம் தந்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

பயப்பட வேண்டாம். வண்டியின் அமைப்பை மாற்றி, அதன் அடிப்படைத் தன்மையையே மாற்றுவதைத்தான் சட்டம் "மாற்றம்" என்று விளக்குகிறது. ஏற்கெனவே இருக்கும் கேரியருக்குள் அடங்கும் மெல்லிய பலகை அதற்குள் வராது என்பது என் கருத்து. ஆனால் இரும்புச் சட்டம் அடித்து உயரத்தைக் கூட்டினாலோ, பக்கவாட்டில் நீட்டினாலோ, எடையை ஏற்றினாலோ, சரக்கு வேனைச் சமையல் வண்டியாக்கினாலோ முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டாக வேண்டும். பலகையின் எடை, அளவு, பொருத்தும் முறை இவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதிலே வரவில்லை என்றால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். எஃப்.சி.க்குப் போன இடத்தில் வாக்குவாதம் செய்வதைவிட இது எளிது.

இன்ஷூரன்ஸும் இழப்பீடும்

நிறுவனம் தராத மின் உபகரணத்தை வண்டியில் கூடுதலாக மாட்டினால், அதைப் பாலிசியில் தனியாகச் சேர்க்க வழி இருக்கிறது. அதன் மதிப்பில் 4 சதவிகிதம் கூடுதல் பிரீமியம். 15,000 ரூபாய் சாமானுக்கு 600 ரூபாய். அந்த 600 ரூபாயைக் கட்டினால் பலகைக்குக் காப்பு கிடைப்பது மட்டுமல்ல, "எங்களுக்குச் சொல்லவில்லை" என்ற வாதமும் நிறுவனத்தின் கையிலிருந்து போய்விடும். பொருத்துவதற்கு முன்பே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

சொல்லாமல் விட்டவர்களும் முழுதாக மனம் தளர வேண்டாம். பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக மொத்தக் கோரிக்கையையும் தள்ளிவிட முடியாது என்று, அமலேந்து சாஹு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அங்கே 75 சதவிகிதம் கொடுக்க உத்தரவானது. உங்கள் வண்டிக்கு நேர்ந்த சேதத்துக்கும் சோலாருக்கும் தொடர்பே இல்லை என்றால், இந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம்.

நிறுவனம் மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்புத் தரலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணிலும் புகார் பதியலாம். பறந்த பலகையால் வேறொருவர் காயப்பட்டால், அவர் ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்பது நல்லது.

பொருத்திய கடை மேல் வழக்கு வேண்டுமா? அதற்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. "நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், நுகர்வோர் இல்லை" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இட்லிக் கடைக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் இந்த வரி பெரிய பலம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணை அழைத்தால் பல சமயம் கடைக்காரரே இறங்கி வருவார்.

எல்லாவற்றுக்கும் ஆதாரம் பில். அதில் பலகையின் சீரியல் எண், கன்ட்ரோலரின் பெயர், பேட்டரியின் வகை, பொருத்துக் கூலி நான்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். பலகையின் பின்புறம் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். லேபிள் கிழிக்கப்பட்ட பழைய பலகையை வாங்காதீர்கள். "25 வருஷ வாரன்டி" என்பார்கள். பல நிறுவனங்களின் வாரன்டி, ஓடும் வண்டியில் பொருத்தினால் செல்லாது. "வண்டிக் கூரையில் பொருத்துவதற்காக விற்றது" என்று பில்லில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே பொருத்திவிட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இன்று மாலைக்குள் சீட்டைத் தூக்கி, பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், போடும்வரை அந்த வயரைக் கழற்றி வையுங்கள்.