சங்கிலி விதியும் கணக்கீட்டு வரைபடமும்

பதினோராம் வகுப்பில் சங்கிலி விதியை நடத்தும்போது, “இது எங்கே சார் பயன்படும்?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நம் கிண்டிக்கு அருகிலேயே பதில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ ஃபார் பாரத் ஆய்வகம் 2023இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு மாதிரி, எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளையும் கையாள்கிறது. அது கற்றுக்கொண்டது இந்த விதியைக் கொண்டுதான்.

இயந்திரக் கற்றலில் கணக்கீட்டு வரைபடம் என்பது x, y அச்சுகளில் வரைவது அன்று. ஒவ்வொரு கணக்குச் செயலும் ஒரு கணு. ஒரு கணுவின் விடையை அடுத்ததற்குக் கொண்டு செல்வது ஓர் அம்புக்குறி. அவ்வளவே.

தாம்பரத்தில் ஏறினால் கிண்டி எட்டாவது நிறுத்தம். பயணநேரத்தை ‘எடை × நிறுத்தங்கள் + மாறிலி’ என்று கணிப்போம். தொடக்கத்தில் எடை 2, மாறிலி 4 என்க. பெருக்கல் கணு 16 தரும். கூட்டல் கணு 20 தரும். உண்மையில் 24 நிமிடம் ஆனதாகக் கொண்டால் பிழை –4. அதன் வர்க்கம் 16. இது முன்னோக்கிய நடை.

இனி பின்னோக்கி வருவோம். வர்க்கக் கணுவின் வகைக்கெழு 2 × (–4) = –8. கழித்தல், கூட்டல் கணுக்களில் அது மாறாமல் கடக்கும். ஆகவே மாறிலிக்கு –8. பெருக்கல் கணுவில் நிறுத்தங்களின் எண்ணிக்கையால் பெருக்க, எடைக்கு –64. குறை குறி வந்தால் மதிப்பை உயர்த்த வேண்டும் என்று பொருள். இவற்றில் நூறில் ஒரு பங்கு மாற்றினால் எடை 2.64, மாறிலி 4.08. புதிய கணிப்பு 25.2, பிழையின் வர்க்கம் 16இலிருந்து 1.44ஆகக் குறைந்துவிட்டது!

இங்கே கவனிக்க வேண்டியது, –8 ஒருமுறைதான் கணக்கிடப்பட்டது. இரண்டு விடைகளுக்கும் அதுவே உதவியது. எந்தக் கணுவும் முழு வரைபடத்தையும் அறிய வேண்டியதில்லை. தன் வகைக்கெழுவை மட்டும் அறிந்தால் போதும். கோடிக்கணக்கான எடைகளுக்கும் ஒரே பின்னோட்டத்தில் விடை கிடைப்பது இதனால்தான். பின்லாந்தின் செப்போ லின்னைன்மா 1970லேயே இம்முறையை எழுதினார். நரம்பு வலைப்பின்னல்களில் அது பரவலானது 1986க்குப் பின். ஒரு செலவு உண்டு: முன்னோக்கிய நடையில் வந்த மதிப்புகளை நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும்.

சூத்திரமாக எழுதிப் போடுவதைவிட, கணுவுக்கு ஒரு மாணவரை நிறுத்தித் துண்டுச்சீட்டில் எண்களைக் கைமாற்றச் சொல்வது நன்றாகப் பதியும். கிண்டிக்குப் பின் குரோம்பேட்டையைக் கொடுங்கள்: 2 நிறுத்தங்கள், 7 நிமிடம். புதிய எடையில் கணிப்பு 9.36 வரும். இம்முறை எடையின் வகைக்கெழு 9.44, மிகை குறி, எடை குறையும்.