அணைத்த பிறகும் சுடுவது: அணு உலையின் இரண்டு ஆற்றல்கள்

1

அணுசக்தி பற்றிய நம் விவாதங்களில் ஒரு சிக்கல் உண்டு. ஆதரிப்பவர், எதிர்ப்பவர் இருவருமே அதை ஒற்றைச் சொல்லாக, ஏறக்குறைய ஒரு சாமியைப் போலவோ பேயைப் போலவோ கையாள்கிறார்கள். ஒருவருக்கு அது வளர்ச்சி, மற்றவருக்கு அழிவு. உள்ளே என்னதான் நடக்கிறது என்ற கேள்வியை மட்டும் இரு தரப்பும் நிபுணர்களிடம் விட்டுவிடுகின்றன. நாம் விட்டுவிட்ட இடத்தில்தான் அதிகாரம் வந்து சம்மணம் போட்டு உட்காருகிறது. "பௌதிகமெல்லாம் நமக்கெதுக்குய்யா" என்று ஒதுங்கும் எழுத்தாள நண்பர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

சொல்ல வருவது இதுதான். அணு உலைக்குள் ஆற்றல் வெளிப்படும் வழிகள் இரண்டு: பிளவு, சிதைவு. முதலாவதை நிறுத்த முடியும். இரண்டாவதை எந்த அரசாலும், எந்தப் பொறியாளராலும் நிறுத்த முடியாது. உலையின் அரசியல் பெரும்பாலும் இந்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது.

2

அணுவுக்கு ஒரு கரு உண்டு என்பதைக் காட்டிக்கொடுத்தது தங்கம். மெல்லிய தங்கத் தகட்டின் மீது ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்சியபோது பெரும்பாலானவை நேராகத் தாண்டிப் போயின. மிகச் சில மட்டும் சுவரில் பட்ட பந்துபோலத் திரும்பி வந்தன. அணுவின் எடை ஏறக்குறைய முழுவதும் நடுவில் ஒரு சிறு புள்ளியில் குவிந்திருக்கிறது என்று 1911-இல் ரூதர்ஃபோர்டு முடிவுக்கு வந்தார். தங்க அணுவின் கருவை ஒரு மிளகு என்று வைத்துக்கொண்டால், அணு நூறு மீட்டர் அகலமுள்ள மைதானம். மிளகுக்குள் 79 புரோட்டான், 118 நியூட்ரான். மைதானம் முழுக்க எலெக்ட்ரான்களின் நடமாட்டம்.

நாம் அன்றாடம் பார்க்கும் நெருப்பெல்லாம் அந்த மைதானத்தில் நடப்பதுதான். விறகு எரிவது, லாரியில் டீசல் எரிவது, கிருஷ்ணகிரி கல் குவாரியில் வெடி வைப்பது, எல்லாமே எலெக்ட்ரான்கள் இடம் மாறி உட்காருவதன் விளைவு. கருவுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. ஒரு கார்பன் அணு எரியும்போது கிடைப்பது சுமார் 4 எலெக்ட்ரான் வோல்ட்.

கருவுக்குள் கதையே வேறு. புரோட்டான்கள் எல்லாம் நேர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளுகின்றன. மிகக் குறுகிய தூரத்தில் மட்டும் வேலை செய்யும் அணுக்கரு விசை அவற்றை இழுத்துக் கட்டி வைத்திருக்கிறது. 92 புரோட்டான் கொண்ட யுரேனியத்தில் இந்தக் கட்டு தளர்ந்த நிலையில் இருக்கிறது. யுரேனியம்-235-இன் கருவில் ஒரு நியூட்ரான் போய்ச் சேர்ந்தால் அது இரண்டாகப் பிளக்கிறது. துண்டுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பெரும் வேகத்தில் பறக்கின்றன. அந்த வேகம்தான் வெப்பமாகிறது. எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டால் முன்பிருந்ததைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். 1905-இல் ஐன்ஸ்டைன் சொன்ன கணக்குப்படி குறைந்த நிறை ஆற்றலாகிவிட்டது: ஒரு பிளவுக்குச் சுமார் 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட். கார்பன் எரிவதைப்போல ஐந்து கோடி மடங்கு. ஒரு கிராம் யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் ஏறக்குறைய 3 டன் நல்ல நிலக்கரிக்குச் சமம்.

ஒவ்வொரு பிளவிலும் இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளியேறி அடுத்த கருக்களைத் தாக்குகின்றன. இதுவே தொடர்வினை. நியூட்ரானை விழுங்கும் தண்டுகளை உள்ளே இறக்கினால் சில நொடிகளில் அது நின்றுவிடும். உலை அணுகுண்டாக வெடிக்கும் என்று நம் மேடைகளில் பேசுவதும் சரியல்ல. உலை எரிபொருளில் யுரேனியம்-235 பொதுவாக 5 சதவீதத்துக்குள்தான் இருக்கும். குண்டுக்குச் சுமார் 90 சதவீதம் வேண்டும்.

அப்படியென்றால் பயப்பட எதுவுமில்லையா? இருக்கிறது. அது வேறிடத்தில் இருக்கிறது.

3

பிளந்த துண்டுகள் சும்மா கிடப்பதில்லை. அவற்றில் நியூட்ரான்கள் அளவுக்கு அதிகம். அந்தச் சமநிலைக் குலைவைச் சரிசெய்துகொள்ள பீட்டா, காமா கதிர்களை வெளியிட்டுச் சிதைந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அரை ஆயுள் உண்டு, அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம். அயோடின்-131-க்கு 8 நாள். சீசியம்-137-க்கு 30 ஆண்டு. யுரேனியம்-238 நியூட்ரானை விழுங்குவதால் உண்டாகும் புளூட்டோனியம்-239-க்கோ 24,100 ஆண்டு. நெருப்பில் போட்டாலும், அமிலத்தில் கரைத்தாலும், பனிக்கட்டியில் புதைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஓசூர் சிப்காட்டில் ஃபர்னஸ் பக்கம் ஷிஃப்ட் பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ஃபர்னஸை நிறுத்தினாலும் சுடத்தான் செய்யும். ஆனா அது பழைய சூடு, ஆறிக்கொண்டே வரும். நிறுத்திய அணு உலையில் இருப்பதோ நொடிக்கு நொடி புதிதாகப் பிறக்கும் சூடு. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளில் ஒவ்வொன்றும் 1000 மெகாவாட் மின்சாரத்துக்காக 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. நிறுத்திய கணத்தில் அதில் 6, 7 சதவீதம், அதாவது சுமார் 200 மெகாவாட், சிதைவினால் வந்துகொண்டிருக்கும். ஒரு நாள் கழிந்த பிறகும் 15 மெகாவாட் அளவில் இருக்கும். யாராவது தண்ணீர் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 2011 மார்ச் 11-இல் ஃபுகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் நிலநடுக்கம் வந்ததும் முறைப்படி நின்றன, பிளவு நின்றது. ஆழிப்பேரலையால் மின்சாரம் போய்த் தண்ணீர் நின்றபோது எரிபொருளை உருக்கியது சிதைவுதான்.

4

ஓசூரிலிருந்து பாகலூர் வழியாக வடக்கே போனால் மாலூர். அது கோலார் மாவட்டம். அங்கே தங்கவயல். தமிழ் மாவட்டங்களிலிருந்து போன, பெரும்பாலும் தலித்துகளான தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை தோண்டிய சுரங்கம். அவ்வளவு ஆழத்தில் பாறையே சுடும். பூமியின் உள்வெப்பத்தில் ஏறக்குறையப் பாதி, யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியவற்றின் சிதைவிலிருந்து வருகிறது. அணுவின் அணைக்க முடியாத ஆற்றலை அந்தத் தொழிலாளர்கள் தங்கள் தோலாலேயே அறிந்திருந்தார்கள்.

அந்தச் சுரங்கத்தில் 1965-இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவாயின; அறிவியல் வரலாற்றில் அது பெருமையான பக்கம். அவ்வளவாகப் பேசப்படாத பக்கம் ஒன்றும் உண்டு. 1980களில் சுமார் 1000 மீட்டர் ஆழத்தில், கைவிடப்பட்ட ஒரு பகுதியில், அணுசக்தித் துறையினர் பாறைக்குள் மின்சார ஹீட்டர்களை வைத்துப் பல ஆண்டுகள் சோதித்தனர். கழிவு எதுவும் அங்கே வைக்கப்படவில்லை. கழிவின் சூட்டைப் பாறை எப்படித் தாங்கும் என்பதே கேள்வி. ஹீட்டர், சிதைவுக்கு ஆள்மாறாட்டம் செய்தது. ஒரு வித்தியாசம்: ஹீட்டருக்கு ஸ்விட்ச் இருந்தது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, கழிவு கோலாருக்கு வரப்போகிறது என்ற செய்தி பரவி மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்படியொரு திட்டமே இல்லை என்று சில நாட்களில் அறிவித்தார்கள். 'கைவிடப்பட்ட சுரங்கம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கைவிட்டது நிர்வாகம், ஜனங்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள், சயனைடு கலந்த மண்மேடுகளுக்குப் பக்கத்தில். ஒரு நூற்றாண்டின் கழிவோடு வாழ்பவர்களிடம்தான் இன்னொரு கழிவைப் பற்றி யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

சீசியம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையவே பத்து அரை ஆயுள், 300 ஆண்டு ஆகும். இவ்வளவு காலத்துக்கு வாக்குறுதி தரக்கூடிய அரசு எது? இந்தியாவில் இன்றுவரை நிரந்தரமான ஆழ்நிலக் கிடங்கு ஒன்றும் இல்லை. ஆகவே 'உலை பாதுகாப்பானதா' என்று கேட்பதை விட்டுவிடலாம். அந்தக் கேள்விக்குத் தயாரான பதில் எப்போதும் உண்டு. கேட்க வேண்டியது இதைத்தான்: நிறுத்திய பிறகு எவ்வளவு சூடு, எத்தனை காலம், தண்ணீர் ஓட்டுவது யார், கடைசியில் அதை யாருடைய ஊரில் கொண்டுபோய் வைப்பீர்கள்?