தீடைகளும் தோரியமும்: ஒரு சூழ்ச்சிக் கதையின் உளவியல்

அரிச்சல்முனை தொடங்கித் தலைமன்னார் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவுக்கு மணல் தீடைகளும் ஆழமற்ற கடலும் மாறி மாறிக் கிடக்கின்றன. 2005 சூலை 2 அன்று மதுரையில், இத்தீடைகளை வெட்டிக் கப்பல் வழி அமைக்கும் சேதுக் கால்வாய்த் திட்டம் தொடங்கப்பட்ட பின், இவற்றைப் பற்றிக் கதையொன்று பரவியது. தென்கரையின் தோரியத்தை அடுத்த ஆழிப்பேரலை வாரிச் செல்லவேண்டும் என்றே அமெரிக்கா இவற்றை உடைக்கச் செய்கிறது என்பது அக்கதை.

அதன் உறுப்புகள் மெய்யானவை. மணவாளக்குறிச்சி மணலிலும் கொல்லத்துச் சவறை மணலிலும் மோனசைட்டு உண்டு. அதனுள் தோரியமும் உண்டு. உறுப்புகளைப் பிணைத்த கயிறே பொய். 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது தீடைகள் உடைபடாமல்தான் இருந்தன. ஆயினும் பேரலை இலங்கையின் தென்முனையை வளைந்து வந்து, மணவாளக்குறிச்சியை அடுத்த குளச்சலையும் கொட்டில்பாட்டையும், கனிம மணல் எடுக்கப்படும் ஆலப்பாட்டையும் தாக்கிப் பலரைக் கொன்றது. இம்மணற்கரைகளைக் காக்கும் மதிலாகத் தீடைகள் இருந்ததேயில்லை.

பின் ஏன் நம்பினர்? 2008இல் செனிபர் விட்சன், ஆடம் கலின்சுகி ஆகிய ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினர். தம் கைமீறிப் போயிற்று என்னும் உணர்வுக்கு ஆளானோர், வெறும் புள்ளிச் சிதறலிலும் இல்லாத உருவங்களைக் கண்டனர். தற்செயல் நிகழ்வுகளிலும் சூழ்ச்சியை ஐயுற்றனர். தொடர்பு தேடும் இவ்வாற்றல் இழிந்ததன்று. நீரின் நிறம் மாறுவது கண்டு மீன் கூட்டத்தை அறிவதும், வாடை ஓய்ந்து கச்சான் எழுவதை உணர்வதும் அவ்வாற்றலே. அச்சம் மிகும்போது அது எல்லை கடக்கிறது. பேரழிவுக்குப் பெரியதொரு காரணம் வேண்டும் என்றும் மனம் கேட்கிறது. 1964 திசம்பர் 22 இரவில் தனுக்கோடியையும் அதை நோக்கிச் சென்ற தொடர்வண்டியையும் கடல் கொண்டது. தெற்கு அந்தமான் கடலில் பிறந்த காற்றழுத்தத் தாழ்வே அதற்குக் காரணம். அவ்விடை முழு உண்மையாயினும், உற்றாரை இழந்த நெஞ்சுக்கு அது போதவில்லை.

இக்கரையினரின் ஐயத்துக்கு வரலாறும் உண்டு. 1974இல் கச்சத்தீவும், 1976இல் அதைச் சூழ்ந்த கடலில் மீன்பிடிக்கும் உரிமையும், மீனவரைக் கேளாமலே கைவிடப்பட்டன. கலந்து பேசாத அரசின் சொல்லை எவர் எளிதில் நம்புவர்? நம்புவோரை அறிவிலிகள் என்று எள்ளுவது அறிவியலாருக்கு அழகன்று. இனி இக்கடலில் எத்திட்டம் வரினும், அதன் ஆய்வறிக்கை முழுவதையும் தமிழில் அச்சிட்டுப் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மீனவர் முன் வைத்து, அவர்தம் வினாக்களுக்கு விடை கூறியபின் தொடங்குக.