டிராகன் புலியான கதை



சீனப் புத்தாண்டுக் காலத்தில் பட்டணத்துத் தெருக்களில் நீண்ட உடலை வளைத்து வளைத்து ஆடிவரும் டிராகனை நாம் பார்த்திருக்கிறோம். மலாய்க்காரர்கள் அதை 'நாகா' என்பார்கள். சீனர்கள் 'லொங்' என்பார்கள். அதே டிராகன் பொருளாதாரச் செய்திகளிலும் வருவதுண்டு. ஆனால், ஆங்கிலப் பத்திரிகைக்கு வந்து சேரும்போது அது புலியாக மாறிவிடுகிறது. இந்த மாற்றம் ஏன் என்பதை இன்று காண்போம்.

1960-ஆம் ஆண்டுகள் முதல் 1990-ஆம் ஆண்டுகள் வரை ஹாங்காங், சிங்கப்பூர், தென்கொரியா, தைவான் ஆகிய நான்கும் மிக விரைவாக வளர்ந்தன. தொழிற்சாலைகளில் பொருள்களைச் செய்து வெளிநாடுகளுக்கு விற்றுச் செல்வம் சேர்த்தன. சீன மொழியில் இவற்றுக்கு 'ஆசியாவின் நான்கு சிறு டிராகன்கள்' என்று பெயர். சீனருக்கு டிராகன் மழையைத் தருவது; பேரரசரின் சின்னம்; நற்பேற்றின் அடையாளம். ஆகவே அந்தப் பெயர் ஒரு வாழ்த்து.

மேலைநாட்டுக் கதைகளிலோ டிராகன் நெருப்பைக் கக்கும் கொடிய விலங்கு. புனித ஜார்ஜ் அதைக் கொன்று ஊரைக் காத்தார் என்பது அவர்கள் கதை. சொல்லை அப்படியே பெயர்த்தால் வாழ்த்து அச்சமாகிவிடக் கூடும். ஆங்கிலத்தில் 'சிறு டிராகன்கள்' என்று எழுதியோரும் உண்டு. எனினும், வேகத்தையும் வலிமையையும் காட்டும் 'ஆசியப் புலிகள்' என்ற பெயரே பெரிதும் பரவியது.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. சீன மொழியில் 'நான்கு சிறு புலிகள்' என்றும் ஒரு பெயர் உண்டு. அது குறிப்பது மலேசியா, தாய்லாந்து, இந்தோனீசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளை. ஆங்கிலத்தில் இவற்றைப் 'புலிக்குட்டிகள்' என்பார்கள்.

1997 ஜூலையில் தாய்லாந்தின் பாட் சரிந்தது. நமது ரிங்கிட்டும், இந்தோனீசிய ரூப்பியாவும், பிலிப்பைன்ஸ் பெசோவும் தொடர்ந்து சரிந்தன. 'நான்கு சிறு புலிகளின் நாணயம் வீழ்ந்தது' என்ற ஒரு சீன வரியைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் எழுதினால் என்ன ஆகும்? படிப்பவர் ஹாங்காங்கையும் தைவானையும் நினைத்துக்கொள்வார். நம் கைக்காசைப் பற்றிய செய்தி அடுத்த வீட்டுச் செய்தியாகிவிடும்.

இன்னொன்றும் கேளுங்கள். 2001-இல் ஜிம் ஓ'நீல் என்ற பொருளாதார நிபுணர் பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் 'பிரிக்' என்று பெயரிட்டார். அந்த ஒலிக்கு ஆங்கிலத்தில் செங்கல் என்று பொருள். சீனர்கள் அதைப் 'பொன்செங்கல்' என்று அழகாக்கினார்கள். அதையே மறுபடி ஆங்கிலத்தில் 'பொன்செங்கல்' என்று எழுதினால் வினைதான்! வெறுங்கட்டிக்குப் பொன்முலாம் பூசித் தங்கம் என்று விற்ற ஏமாற்றுக்காரர்களால், அமெரிக்க ஆங்கிலத்தில் அந்தச் சொல் மோசடியைக் குறிக்கிறது. பொன் என்று புகழ்ந்தது போலி என்று பழித்ததாக முடியும். ஆகவே மொழிபெயர்ப்பாளர் பொன்னை விட்டுவிட்டுப் பழைய பெயரையே எழுதவேண்டும்.

அகராதி சொல்லுக்குச் சொல் தரும். அந்தச் சொல் யாரைச் சுட்டுகிறது, புகழ்கிறதா பழிக்கிறதா என்பதை நாம்தான் ஆராய்ந்து அறியவேண்டும். நம் பிள்ளைகள் பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் தமிழும் படிக்கிறார்கள். சிலர் சீனமும் கற்கிறார்கள். பத்திரிகையில் 'புலி' என்று கண்டால், 'எந்த மொழியின் புலி? எந்த நாடுகள்? நம் நாடு அதில் உண்டா?' என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் தேடிச் சொல்லும் விடையிலிருந்து நாமும் கற்றுக்கொள்ளலாம்.