எலும்பு சேர்ந்த பின்னரும் கால் ஏன் தயங்குகிறது?

எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, "எலும்பு சேர்ந்துவிட்டது, இனிக் காலை ஊன்றலாம்" என்று நாங்கள் கூறும் நாளில், பலரது முகத்தில் மகிழ்ச்சியை விட அச்சமே மிகுதியாகத் தெரிகிறது. மாவுக்கட்டைப் பிரித்தவுடன் முன்போல் நடந்துவிடலாம் என எண்ணி வந்தவர்கள், மெலிந்தும் வீங்கியும் விறைத்தும் போன தம் காலைக் கண்டு திகைக்கின்றனர். "சேர்ந்துவிட்டது என்கிறீர்கள், பிறகு ஏன் நடக்க முடியவில்லை?" என்பது அவர்களின் கேள்வி. இதற்கான விடை நோயாளிக்கு மட்டுமன்றி வீட்டில் உடனிருப்போருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளின் கீழ் நுனிகள் கவட்டை போல் அமைந்து, பாதத்தின் மேலெலும்பைப் பிடித்திருக்கும் இடமே கணுக்கால். இங்கு ஏற்படும் முறிவு பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்களில் சேர்ந்துவிடும். ஆனால் எக்ஸ்ரே காட்டுவது எலும்பை மட்டுமே. அத்தனை வாரங்கள் அசையாதிருந்த மூட்டு இறுகியிருக்கும், கெண்டைச்சதை வற்றியிருக்கும். மாலையில் ஏறி, காலையில் வடியும் வீக்கம் 6 மாதங்கள், சிலருக்கு ஓராண்டு வரை கூட நீடிக்கும். இதனைக் கண்டு அறுவை சிகிச்சை தவறிவிட்டதோ என அஞ்ச வேண்டியதில்லை.

விருத்தாசலத்தாருக்கு இந்தக் காத்திருப்பை விளக்குவது எளிது. அச்சில் வார்த்த பொம்மையை ஈரம் காயுமுன் சூளையில் ஏற்றினால் அது வெடித்துவிடும் என்பதைச் செராமிக் தொழிலில் உள்ளோர் அறிவர். எனினும் இந்த ஒப்புமை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. மண் தானாக உலரும். கால் சும்மா இருந்தால் தேறாது.

அச்சத்திற்கு வருவோம். அதனை மனத்தின் பலவீனம் என்று சொல்வதை நாங்கள் ஏற்பதில்லை. கணுக்காலைச் சுற்றியுள்ள தசைநார்களில் நுண்ணிய நரம்பு முனைகள் உள்ளன. பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது, தரை மேடா பள்ளமா என்பதை நாம் குனிந்து பாராமலே அவை மூளைக்கு உணர்த்துகின்றன. காயத்தாலும் நெடுநாள் ஓய்வாலும் அவ்வுணர்வு மழுங்கிவிடுகிறது. ஆகவே, "கால் என் பேச்சைக் கேட்கவில்லை" என்று நோயாளி கூறுவது மெய்யே. காலை ஊன்ற ஊன்றத்தான் அவ்வுணர்வு திரும்பும். ஊன்றாமல் காத்திருந்து பயனில்லை.

இங்கேதான் குடும்பத்தாரின் அன்பு சில வேளைகளில் இடையூறாகிவிடுகிறது. "அம்மா, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்" என்று தண்ணீர்ச் செம்பையும் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். மூன்று மாதத்தில் நடக்கக்கூடிய முதியவர் நிரந்தரமாகத் திண்ணையோடு தங்கிவிடுவதற்கு முறிவை விட இந்தப் பரிவே காரணமாக இருப்பதுண்டு. அவர் எழட்டும், நீங்கள் அருகில் நில்லுங்கள். மற்றொன்று: விறைப்பு நீங்கட்டும் என்று எண்ணெய் தேய்த்து மூட்டை வலிந்து திருகுவது, நாட்டுக்கட்டு போடுவது ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

எவ்வளவு எடையை ஊன்றலாம் என்பது முறிவின் வகையையும் தகடு, திருகு பொருத்தியிருப்பதையும் பொறுத்தது. அதை நாங்கள் சொல்வோம். எடை காட்டும் கருவியின் மீது காலை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தால், சொன்ன அளவு எவ்வளவு என்பது காலுக்கே பழகும். கைத்தடியை நலமான காலின் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் இதை மாற்றியே பிடிக்கின்றனர். குதிகாலை முதலில் வைத்து, பின் விரல்களால் உந்தி நடந்து பழகுங்கள். முழு எடையையும் ஊன்ற அனுமதித்த பின், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றைக் காலில் சில நொடிகள் நின்று பாருங்கள். பயிற்சியால் வந்த வலி மறுநாள் காலைக்குள் தணிந்தால் தொடரலாம்; கூடினால் அளவைக் குறைக்க வேண்டும்.

படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். இறங்குவதே கடினம், ஏனெனில் பின்தங்கும் காலின் கணுக்கால் உடலின் எடையைத் தாங்கிக்கொண்டே நன்கு மடங்க வேண்டும். விருத்தகிரீசுவரர் கோயிலுக்குச் செல்வோர் ஆழத்துப் பிள்ளையாரைக் காணப் படியிறங்கத்தான் வேண்டும். கைப்பிடித்து ஒவ்வொரு படியாக வீட்டில் இறங்கிப் பழகிய பின்னர், கூட்டமில்லாத நாளில், துணையுடன் அங்குச் செல்லுங்கள். மாசிமக நெரிசல் முதல் முயற்சிக்கு ஏற்றதன்று.

குந்தி அமர்வது எல்லாவற்றிலும் கடைசியாகவே கைகூடும். சிலருக்கு முழுமையாகக் கைகூடுவதில்லை என்பதையும் மறைக்காமல் கூறுகிறோம். அதுவரை மேற்கத்திய கழிவறையோ, இருக்கைச் சட்டமோ தேவைப்படும். தரையில் அமர்ந்து பொம்மைக்கு வண்ணம் தீட்டுவோர் உயரமான மணைக்கு மாறினால் விரைவில் பணிக்குத் திரும்பலாம். சுமை தூக்குவோர்க்கு மேலும் பல வாரங்கள் ஆகும். கூலி இழப்பின் சுமையை நாங்கள் அறிவோம். ஆயினும், ஈரக் களிமண் சிந்திய தரையில் தட்டுகளைச் சுமந்து நடப்பது இன்னமும் தடுமாறும் காலுக்குரிய வேலையன்று.

கெண்டைச்சதையில் புதிதாக வலியும் வீக்கமும் தோன்றினாலோ, தையலிட்ட இடம் சிவந்து நீர் கசிந்தாலோ, அன்றே வாருங்கள். திடீரென மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால் உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு வலி தெரியாமலே மூட்டு கெடக்கூடும். ஆகவே வலியின்றி வீங்கிச் சூடாக இருப்பதையும் பொருட்படுத்த வேண்டும். அடுத்த முறை வரும்போது வீட்டில் அணியும் செருப்பையும் எடுத்து வாருங்கள். பின்வார் இல்லாத தேய்ந்த செருப்பாக இருப்பின், அதை மாற்றுவதிலிருந்து பயிற்சியைத் தொடங்குவோம்.