கம்பியில்லா வலையும் குழூஉக்குறியும்

பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர்; யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பர். பிறர் அறியாவண்ணம் ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் இத்தகைய சொல்லை இலக்கண நூலார் குழூஉக்குறி என்றனர். நன்னூல் இதனைத் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக வைத்தது. இன்று இல்லந்தோறும் உள்ள ‘வைஃபை’ கருவிக்கும் இத்தகைய மறைவு இன்றியமையாததாகும். அதனையே மறையாக்கம் என்கிறோம்.

பேராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த நிலத்தில் புத்ராஜெயா எழுந்தபொழுது, அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல டெங்கில், தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியேறின. அத்தகைய அடுக்குமாடியில் சுவர் ஒன்றே இரு வீடுகளைப் பிரிக்கின்றது. வானலைக்கோ அச்சுவர் தடையன்று. மறையாக்கம் இல்லாத கருவியின் இணைப்பை மாடிப்படியில் நிற்பவரும் பயன்படுத்தலாம்.

கட்டணம் வீணாவது மட்டுமே இதனால் வரும் கேடு என்று எண்ணலாகாது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தில் 2012இல் 114ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. ஓர் இணைப்பின் வழியாக ஒன்று வெளியிடப்படின், அவ்விணைப்பு யார் பெயரில் பதிவாகியுள்ளதோ அவரே அதனை வெளியிட்டவர் என அப்பிரிவு கொள்கின்றது. அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு அவரையே சாரும். ஆகவே, பூட்டாத கருவி அயலான் செய்த பிழைக்கு வீட்டுக்காரரை விடைசொல்ல வைத்தல் கூடும்.

1997இல் வந்த முதல் முறை ‘டபிள்யூ.இ.பி.’ எனப்பட்டது. ஒவ்வொரு செய்தித் துணுக்கிற்கும் அது சேர்த்த எண் 24 இருமக்கூறுகளே கொண்டது. ஆதலின் 1,67,77,216 எண்களுக்குள் மீண்டும் மீண்டும் ஒரே எண் வரலாயிற்று. ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்னும் மூவர் 2001இல் இம்முறையின் அடிப்படைக் குறையை வெளிப்படுத்தினர். 2003இல் ‘டபிள்யூ.பி.ஏ.’வும், 2004இல் ‘டபிள்யூ.பி.ஏ.2’உம், 2018இல் ‘டபிள்யூ.பி.ஏ.3’உம் தோன்றின.

இங்கு ஒரு வேறுபாடு உணரத்தக்கது. ‘பறி’ என்பதன் பொருள் வெளிப்பட்டதும் அக்குறி பயனற்றுப் போகும். இக்கால மறையாக்கமோ, முறை யாவர்க்கும் தெரிந்திருப்பினும், திறவுகோல் மறைவாய் இருக்கும்வரை நிலைபெறும். இவ்விதியை 1883இல் எழுதி வைத்த கெர்க்ஹாஃப்ஸ் ஒரு மொழியாசிரியர் என்பது நினைவுகூரத்தக்கது.

இனி அமைக்கும் முறை. கருவியின் அடியிலுள்ள ஒட்டுத்தாளில் அதன் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்பதாகும். அதனைக் கணினியின் உலாவியில் இட்டால் அமைப்புப் பக்கம் திறக்கும். முதற்கண், அப்பக்கத்திற்குள் நுழைவதற்கான கடவுச்சொல்லை மாற்றவேண்டும். பின்னர்க் கம்பியில்லா வலைக்குரிய பாதுகாப்புப் பகுதியில் ‘டபிள்யூ.பி.ஏ.3’ஐத் தேர்க, பழைய கைப்பேசி அதனை ஏற்காவிடின் ‘ஏ.இ.எஸ்.’ உடன் கூடிய ‘டபிள்யூ.பி.ஏ.2’ போதும். பொத்தானாலும் எட்டிலக்க எண்ணாலும் இணைக்கும் ‘டபிள்யூ.பி.எஸ்.’ வசதியை நிறுத்திவிடுதல் நன்று. அவ்வெண்ணை எளிதில் கண்டறியலாம் என்பது 2011இல் தெளிவாயிற்று.

இறுதியாக, வலைக்குரிய கடவுச்சொல். இது 8 முதல் 63 எழுத்து வரை அமையலாம். ‘டபிள்யூ.பி.ஏ.2’இல், இணைப்பு நிகழும் நொடியைப் பதிவு செய்துகொண்ட ஒருவன், தன் வீட்டிலிருந்தே எண்ணற்ற சொற்களை இட்டுப் பார்க்கலாம். எனவே பிள்ளையின் பெயரும் பிறந்தநாளும் ஆகா. குறளின் முதலடியும் ஆகாது, அஃது ஊரறிந்தது. செம்பனை, குடை, உலக்கை, நத்தை என ஒன்றோடொன்று இயைபில்லாத நான்கைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் தொடுத்தால், வீட்டார்க்கு மறவாது, அயலார்க்கு எட்டாது. அச்சில் வந்துவிட்ட இத்தொடரையே வைத்துக்கொள்ளாமல் புதிதாகத் தொடுத்தல் வேண்டும்.

இக்காப்பு கைப்பேசிக்கும் கருவிக்கும் இடையே மட்டும் நிற்பது. அதற்கப்பால் பொய்த்தளத்தில் நாமே ஈந்துவிடும் செய்தியை அது காவாது. திறவுகோலைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தாலும் அதே நிலைதான். விருந்தினர்க்கெனத் தனி வலை அமைக்கும் வசதி பல கருவிகளில் உண்டு; அதனைப் பயன்படுத்தலாம். குழூஉக்குறி குழுவிற்குள் நிற்கும்வரைதான் அதற்குப் பயன்.